அடி தாங்காத மனிதர்

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஜப்பான்காரனின் காவல் கூண்டு இருந்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று, இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுத்தான் நகர வேண்டும். கூண்டில் ஆள் இல்லாவிட்டால் நாங்கள் எல்லாரும் அப்பாடா என்று நடையைக் கட்டிவிடுவோம். எங்கள் பின்கொட்டகையில் குடியிருந்த அவர் ஒருவர்தான் காலிக் கூண்டையும் வணங்குவார். சைக்கிளை ஓரமாக நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, முழுசாகக் குனிந்து, மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு நிமிர்வார்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். "வெறும் பலகைக்குக் கும்பிடு போடுறாரு நம்ம பின்கொட்டகைக்காரரு!"

அதே வாரம் ஒரு மாட்டுவண்டிக்காரர் காலிக் கூண்டைத் தாண்டிப் போனார். காவல்காரன் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து காலில் பட்டித்துணி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். வண்டிக்காரரை ரோட்டில் முழங்காலிட வைத்து, தலைக்கு மேலே ஒரு கல்லைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, வெயில் சாயும்வரை விடவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரரும் காலிக் கூண்டுக்கு வணங்கினார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பின்கொட்டகைக்காரரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதுகிற தகுதி எனக்கு இல்லை. நாங்கள் அவரை அண்ணே என்று கூப்பிட்டோம். அவர் என்னைத் தங்கச்சி என்பார். என் வீட்டுக்காரரைத் தம்பி என்பார்.

டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் எங்களுக்கு ஒரு பலகை வீடு. கல்யாணம் பண்ணிக்கொண்டு நான் அங்கே வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். சமையலறைக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. யாராவது வேகமாகக் கையை அசைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். வாடகையாக வாரத்துக்கு ஒரு படி அரிசி தருகிறேன் என்றார். எல்லாரும் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காலம் அது. அரிசி என்ற சொல்லைக் கேட்டதும் வேறொன்றும் கேட்காமல் கொட்டகையைக் காட்டிவிட்டேன்.

அரிசி அவருக்குப் பட்டறையில் கிடைத்தது. டவுனில் வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய மோட்டார் பட்டறை ஒன்றை ஜப்பான் ராணுவம் எடுத்து நடத்தியது. வீடு வீடாகப் பிடுங்கிக்கொண்டு போன அலுமினியப் பானை, சட்டி எல்லாவற்றையும் அங்கே உருக்கி வார்த்தார்கள். எங்கள் வீட்டுக் குண்டானும் போனது. அப்படி வார்த்ததை எந்திரத்தில் வெட்டி, உள்ளங்கை நீளத்துக்கு நீள்சதுரமான மூடிகளாக ஆக்குவார்கள். நான்கு மூலையிலும் நான்கு ஓட்டை. எதற்கு மூடி, எந்த வண்டிக்கு மூடி என்று அவருக்கே தெரியாது. கேட்டதும் இல்லை. எந்திரத்திலிருந்து வரும்போது மூடி சொரசொரவென்று இருக்கும். ஓரமெல்லாம் பிசிறு நிற்கும், தொட்டால் கையைக் கிழிக்கும். அந்தப் பிசிறை எடுத்து, முகத்தை வழவழப்பாக்கிக் கொடுப்பதுதான் அவர் வேலை.

பட்டறையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அங்கே காலடிச் சத்தம் கேட்டாலே அவர் கை நடுங்கும், அரம் வழுக்கும், மூடியில் கோடு விழும், அடி விழும். அடிக்குப் பயந்து இன்னும் நடுங்கும். ஒருநாள் மீதி வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள் என்று பட்டறையில் இருந்த மொழிபெயர்ப்பாளனிடம் கெஞ்சியிருக்கிறார். மறுநாள் கொண்டுபோன மூடிகளைப் பார்த்துவிட்டு மேற்பார்வைக்கு இருந்த ஜப்பான் சார்ஜென்ட் ஒரு சாக்கு மூடியை அவர் பக்கம் தள்ளினானாம். அப்படித்தான் எங்கள் பின்கொட்டகை ராணுவத்துக்குப் பட்டறை ஆனது.

கொட்டகையில் அவரைப் பார்த்தால் வேறு ஆள். பலகை இடைவெளி வழியாக நான் எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். மூடியில் தழும்பு விழாமலிருக்க, அதை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் இரண்டு வாயிலும் பழைய செருப்புத் தோலை ஒட்டியிருப்பார். அலுமினியம் மெத்தென்ற உலோகம். அரத்தின் பல்லுக்குள் போய் அப்பிக்கொண்டு, அடுத்த இழுப்பில் மூடியையே கீறிவிடும். அதனால் அரம் முழுக்க முதலில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்ப்பார். நாலு இழுப்பு, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் ஒரு துடைப்பு, மறுபடி சுண்ணாம்பு. ஓரத்தை மழுக்கியதும் உப்புத்தாள். உப்புத்தாள் கிடைக்காமல் போனபோது, பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா மலாய்த் தச்சர்கள் மரம் தேய்க்கிற சொரசொர இலையை எங்கிருந்தோ பறித்து வந்து தந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட குடும்பம், அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. "மெம்பலாஸ், மெம்பலாஸ்" என்று இலையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார். காய்ந்த அந்த இலையில் சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் அலுமினியம் நிலாத் துண்டு மாதிரி வந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றி வருவார். ஓட்டைகளுக்குள்ளும் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார்.

"இவ்வளவு எதுக்குண்ணே? அவன் வண்டியில மாட்டுற மூடிதானே?" என்றேன் ஒருநாள்.

"ஒரு இடத்துல பிசிறு இருந்தா மாட்டுறவன் விரல் கிழியும்."

"சரி."

"அப்புறம்?"

"கட்டுப் போட்டுக்குவான்."

"அப்புறம்? யாரு செஞ்ச மூடின்னு கேப்பான். அப்புறம்? என்னைக் கூப்பிடுவாங்க. அப்புறம்?"

எதை எடுத்தாலும் அவருக்கு இந்த 'அப்புறம்?' உண்டு. மழைக்குக் குடை எடுத்துப் போவதா வேண்டாமா என்பதற்குக்கூட ஐந்து 'அப்புறம்' கேட்டுவிட்டுத்தான் போவார். சோற்றை நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். உட்கார்ந்தால் எழ நேரமாகுமாம்.

என் வீட்டுக்காரருக்குப் பெண்டஹாரா சாலைத் துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கிற வேலை. துணி வருவது நின்றது. கடையும் மூடியது. வேலையில்லாத தமிழ் ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோகிறார்கள் என்ற பேச்சு முதலில் தோட்டங்களிலிருந்து வந்தது. பிறகு டவுனுக்கே வந்துவிட்டது. ஒருநாள் காலை பாசாரின் இரண்டு முனையிலும் லாரியை நிறுத்தி ஆட்களை ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் மீன் கூடைகளுக்கு நடுவே புகுந்து, சாக்கடை ஓரமாக ஊர்ந்து, நாறிப்போய் வீடு வந்து சேர்ந்தார். லாரியில் ஏறிய எங்கள் தெருக்காரர்கள் நாலு பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

மறுநாள் தெருப் பொறுப்பாளர் வேலையில்லாத ஆண்களின் பட்டியலோடு வந்தார். மூவாரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது என் வீட்டுக்காரர் சமையலறை உத்தரத்துக்கு மேலே, கூரைக்கும் பலகைக்கும் நடுவில் படுத்திருந்தார். அப்படியே மூன்று வாரம். சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றுவேன். தகரச் சூட்டில் வெந்து காய்ச்சல் வந்துவிட்டது.

கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகைச் சுவர். பின்னால் இருப்பவருக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்பதுதான் அப்போது என் பெரிய பயம். ஜப்பான்காரனைவிட இவருக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். காலிக் கூண்டுக்கு வணங்குகிற மனிதர். ஒரு அதட்டலுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். நான் என்ன செய்தேன்? எங்கள் கஞ்சியில் அவருக்கு ஒரு பங்கு ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். இருந்த ஒரு துண்டு கருவாட்டையும் அவர் கோப்பையில் போட்டேன்.

நாலாம் நாள் கோப்பையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார்.

"தங்கச்சி, மேல இருமுறாரு."

நான் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"எனக்குக் கேட்டா அவனுக்கும் கேக்கும்," என்றார். பிறகு கோப்பையைக் காட்டி, "இதை ஊத்தினா நான் வாயைத் திறக்க மாட்டேன்னு நினைக்காத. நான் அடி தாங்க மாட்டேன். ரெண்டு அடி விழுந்தா சொல்லிருவேன். அதை இப்பவே உன்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

அப்படி ஒரு வார்த்தையை முகத்துக்கு நேராகச் சொல்கிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் அழ ஆரம்பித்தேன்.

"அழாத. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம ஆக்கிட்டா நான் சொல்ல மாட்டேன்ல? அதுக்கு வழி பாப்போம்," என்றார்.

இரண்டு நாள் யோசித்தார். அந்த இரண்டு நாளும் அவர் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பட்டறையில் மொழிபெயர்ப்பாளனிடம் போய், வேலை அதிகமாகிவிட்டது, தனி ஆளாக முடியவில்லை, மூவாரிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு தம்பி வந்திருக்கிறான், அரம் பிடிக்கத் தெரிந்தவன் என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சட்டை முழுக்க வியர்த்துவிட்டதாம். சாயங்காலம் ஒரு துணிக் கைப்பட்டையோடு வந்தார். அதில் சிவப்பு முத்திரை. அதைக் கட்டிக்கொண்டவனை லாரியில் ஏற்ற மாட்டார்கள். என் வீட்டுக்காரர் உத்தரத்திலிருந்து இறங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு கைப்பட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் மூடிகள் வர வேண்டுமே! சாக்கு இரண்டு மடங்காக வந்தது. என் வீட்டுக்காரர் முதல் நாளே இரண்டு மூடிகளைப் பாழாக்கினார். அழுத்திப் பிடித்து அரத்தை இழுக்க, நடுவில் பள்ளம் விழுந்தது. எண்ணிக் கொடுத்த மூடிகள். அண்ணன் அந்த இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, யாரோ செத்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். அரை நாள் தேய்த்து அந்தப் பள்ளங்களைச் சமமாக்கினார். மூடி மெலிந்துபோனது. அளந்து பார்ப்பானோ என்று ஒரு வாரம் தூக்கமில்லை. நல்லவேளை, அளக்கவில்லை.

அதன்பிறகு அரத்தை நான் எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. பலகை இடைவெளியில் பார்த்துப் பார்த்து என் கைக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருந்தது. சுண்ணாம்பு, நாலு இழுப்பு, பிரஷ். என் வீட்டுக்காரர் தண்ணீர் சுமந்தார், எண்ணெய் காய்ச்சினார், இலை காயவைத்தார், தெருவில் நாலு பேர் பார்க்கக் கைப்பட்டையோடு நடந்தார். அவர் பெயரில் நான் வேலை செய்தேன். என் விரல் நகமெல்லாம் அலுமினியக் கறுப்பு ஏறியது. புளி போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. ராணுவத்தை ஏமாற்றி வாங்கிய கைப்பட்டை என்று தெரிந்தால் மூன்று பேருக்கும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு மாதம் போனது. மனிதருக்கு எதுவும் பழகிவிடுகிறது. பழகாதவர் அண்ணன் ஒருவர்தான்.

ஒருநாள் மத்தியானமே பட்டறையிலிருந்து வந்துவிட்டார்.

"தங்கச்சி, நீ எந்தக் கையால அரம் இழுக்குற?"

நான் என் கையைப் பார்த்தேன். இடது கை. சின்ன வயதில் இடது கையால் சாப்பிட்டதற்கு என் அம்மா சூடு போட்டிருக்கிறாள். சாப்பாட்டுக்கு மட்டும் வலது கை பழகியது. மற்ற எல்லா வேலைக்கும் இன்றுவரை இடது கைதான்.

சார்ஜென்ட் தன் மேசைமேல் பன்னிரண்டு மூடிகளை இரண்டு வரிசையாக அடுக்கி வைத்திருந்தானாம். அவன் சொந்த ஊரில் பட்டறைக்காரனாக இருந்தவனாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், வழவழப்புக்குள்ளே மயிரிழை மாதிரி தேய்த்த கோடு தெரியும். ஒரு வரிசையில் கோடு இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. இன்னொரு வரிசையில் அந்தப் பக்கம். மலாயில் கேட்டானாம்: "சியாப்பா கிடால்?" யார் இடது கைக்காரன்?

"தம்பிதான் இடது கைக்காரன்னு சொல்லிட்டேன்," என்றார் அண்ணன். "வேற என்ன சொல்றது? நாளன்னைக்குக் காலையில நேர்ல வந்து பாக்குறேன்னுட்டான்."

என் வீட்டுக்காரருக்கு வலது கையாலேயே அரம் பிடிக்கத் தெரியாது. ஒரு முழு நாள் இடது கையால் முயன்று பார்த்தார். குழந்தை கரண்டி பிடிக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் கொட்டகைக்குள் நடந்துகொண்டே இருந்தார். அப்புறம், அப்புறம் என்று உதடு அசைந்தது. பிறகு நின்றார். ஓர் அரத்தை எடுத்து, அதன் மரப்பிடியைக் கழற்றினார். பிடிக்குள் போகிற கூரான வால்முனை வெளியே தெரிந்தது.

"பிடி இல்லாம அரம் இழுத்தா இந்த முனை உள்ளங்கையில ஏறும். எந்தப் பட்டறையிலயும் நடக்குறதுதான். காயம்பட்ட கையால இழுத்துக் காட்டுன்னு கேக்க மாட்டான். அவனுக்கும் தெரியும்," என்றார். "தம்பி, இடது கையைக் கொடுங்க."

"கட்டு மட்டும் போட்டாப் போதாதாண்ணே?" என்றேன்.

"அவிழ்த்துப் பாப்பான்."

என் வீட்டுக்காரர் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். காலடிச் சத்தத்துக்கு நடுங்குகிற அந்தக் கை அப்போது நடுங்கவே இல்லை. பெருவிரலுக்குக் கீழே சதையில் முனையை வைத்து, ஒரே அழுத்து. பிறகு அலுமினியத் தூளைத் தொட்டுக் காயத்தின் ஓரத்தில் தேய்த்தார். இரண்டு கை நகங்களிலும் கறுப்பை ஏற்றினார். எவ்வளவு நிதானமாகச் செய்தார் என்றால், அதைப் பார்த்து எனக்கு ஜப்பான்காரனைப் பார்க்கிற பயம் வந்தது. எல்லாம் முடிந்து நான் தண்ணீர் கொடுத்தேன். குவளை அவர் பல்லில் கடகடவென்று அடித்தது. ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

மரப்பிடியை அடுப்பில் போட்டு எரித்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"நாளைக்கு அவன் வர்ற நேரத்துக்கு நீ தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்து கரிச்சட்டி தேய்ச்சுக்கிட்டு இரு. கரி பிடிச்ச கையை யாரும் எதுக்குக் கறுப்புன்னு கேக்க மாட்டான்."

மறுநாள் காலை சார்ஜென்ட் மொழிபெயர்ப்பாளனோடு வந்தான். குட்டையான, வயதான ஆள். கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நான் தொட்டிக்கரையில் குந்தி, எல்லாச் சட்டியையும் பரப்பி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகை வாசல் எனக்கு நேரே தெரிந்தது. மூடிகளை எடுத்துப் பார்த்தான். என் வீட்டுக்காரரின் கட்டைப் பார்த்தான். "புக்கா," என்றான். அண்ணன் கட்டை அவிழ்த்தார். சார்ஜென்ட் காயத்தைத் தன் கட்டைவிரலால் அழுத்தினான். என் வீட்டுக்காரர் அலறினார். நான் தலையைத் தூக்கவில்லை.

பிறகு அரத்தைக் கேட்டான். பிடியில்லாத அரத்தை அண்ணன் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். சார்ஜென்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னமோ சொல்லித் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"இவருக்கும் சின்ன வயசுல இதே மாதிரி குத்தியிருக்காம்," என்றான் மொழிபெயர்ப்பாளன். "முட்டாளுங்களா, மரப்பிடி போட்டு வேலை செய்யுங்கன்னு சொல்றாரு."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சார்ஜென்ட் வெளியே வந்தான். தொட்டியைத் தாண்டிப் போக வேண்டியவன், என் எதிரே வந்து நின்றான். அவன் பூட்ஸ் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது நகரவில்லை. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எதைப் பார்க்கிறான் என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. தேங்காய் நார் என் இடது கையில் இருந்தது.

அத்தனையும் யோசித்த மனிதர் இதை மட்டும் யோசிக்கவில்லை. கையை மாற்றினால் மாட்டிக்கொள்வேன். மாற்றாவிட்டாலும் மாட்டிக்கொள்வேன். நார் அதே சட்டியின் அதே இடத்தில் போய்ப் போய் வந்தது. "கிடால்," என்று அவன் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. என்னிடம் சொன்னானா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டானா, தெரியாது.

அப்போது கொட்டகை வாசலிலிருந்து மொழிபெயர்ப்பாளன், "சீ! சீ!" என்று கத்தினான்.

அண்ணன் வாசலில் நின்றபடி கட்டியிருந்த சாரத்தோடு மூத்திரம் போய்விட்டிருந்தார். அது காலில் வழிந்து மண்ணில் பரவியது. கை இரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்து, தலை குனிந்து நின்றார். மொழிபெயர்ப்பாளன் சிரித்தான். சார்ஜென்ட் திரும்பிப் பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு அவரிடம் போய் ஓங்கி ஓர் அறை விட்டான். அந்தச் சத்தத்தில் தகரக் கூரை மேலிருந்த காகம் பறந்தது. பிறகு கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமலே படலைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

அது பயத்தில் வந்ததா, என் கையைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே செய்ததா? அன்று சாயங்காலம் தொட்டிக்கரையில் தன் சாரத்தைத் தானே துவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதை விடு தங்கச்சி."

பிறகு ஒருபோதும் அதைப் பற்றிப் பேச விடவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கை ஆற ஒரு மாதம் ஆனது. அதுவரைக்கும் அதற்குப் பிறகும் மூடிகளை நான் தேய்த்தேன். சார்ஜென்ட் மறுபடி வரவே இல்லை. கண்டுபிடித்தும் விட்டுவிட்டான் என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

ஜப்பான் தோற்றுவிட்டது என்ற செய்தி வந்த அன்று தெருவே வெளியே வந்து நின்றது. அவர் மட்டும் கொட்டகையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். கதவு இடைவெளி வழியாக, "தம்பியோட கைப்பட்டையை எரிச்சுடு. இன்னைக்கே எரிச்சுடு," என்றார். எரித்தேன்.

வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நடு நாட்களில், ஜப்பான்காரனோடு சண்டை போடக் காட்டுக்குள் போயிருந்த ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். பட்டறை மொழிபெயர்ப்பாளனை அவன் வீட்டு வாசலிலேயே சுட்டதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். தோளில் துப்பாக்கி. மூவரும் இளைஞர்கள். ஒருவன் மட்டும் பேசினான், மலாயில்.

"இந்த வீட்டில் ஜப்பான் பட்டறைக்கு வேலை செய்தது யார்?"

என் வீட்டுக்காரர் உள் அறைக் கதவுக்குப் பின்னால் இருந்தார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது. நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று சொன்னால் அது பொய்.

"பின்னால் கொட்டகையில் இருக்கிறார்," என்றேன். "அவர் ஒருத்தர்தான்."

தாழ் விலகும் சத்தம் கேட்டது. அவரே வெளியே வந்தார். பலகைச் சுவர்தானே, எல்லாம் கேட்டிருக்கும். அவன் அவரிடம், "அந்தப் பெண் சொல்வது சரியா? நீ ஒருத்தன்தானா?" என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைக் கீழே போட்டேன்.

"ஆமா. நான் ஒருத்தன்தான்," என்றார்.

சட்டை போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை. பனியனோடு கூட்டிக்கொண்டு போனார்கள். படலைத் தாண்டும்போது கால் பின்னிக்கொண்டது, ஒருவன் பிடித்துத் தூக்கிவிட்டான்.

அவர்கள் எங்கே ஆட்களை வைத்திருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். நடந்து போகிற தூரம்தான். போய், நானும் செய்தேன், அடிக்குப் பயந்து செய்த வேலை அது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டு கிளம்புவேன். படல்வரை போவேன். "போகாதடி. என்னையும் கேப்பாங்க," என்பார் என் வீட்டுக்காரர். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன் போலிருக்கிறது. இப்படியே எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் காலை அவர் வந்தார். அதே பனியன். ஒரு காது வீங்கி மூடிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது நாளில் எங்களைத் தேடி யாரும் வரவில்லை. அப்படியென்றால் அவர் சொல்லவில்லை. ஏன் விட்டார்கள், எப்படி விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வரவில்லை. படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"கொட்டகையில என் தகரப் பெட்டி இருக்கு," என்றார். "கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?"

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. தங்கச்சி என்றும் சொல்லவில்லை.

பெட்டியை எடுத்து வந்து கொடுத்தேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அவர் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, டவுன் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக நடந்தார். பத்துப் பதினைந்து அடி போயிருப்பார். எனக்குத் தாங்கவில்லை. படலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே!" என்று கூப்பிட்டேன்.

என் குரல் கேட்டதும் அவர் தோள் இரண்டும் குறுகின. பெட்டியைப் பிடிக்காத கை சட்டென்று தலைக்கு மேலே போய் மூடிக்கொண்டது. அப்படியே ஒரு கணம் நின்றார். அடி விழவில்லை என்று தெரிந்ததும், திரும்பிப் பார்க்காமல், முன்னைவிட வேகமாக நடந்து போனார்.